அலிசன் கிர்க்பி: நான்கு தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குத் தலைமை ஏற்ற கணக்கர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் மேலாண்மைக் கணக்கியல் படிக்கும் மாணவிகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். மூலதனச் செலவுப் பாடம் (பல ஆண்டு பயன்படும் சொத்துகளுக்குப் போடும் பணம்) வரும்போதெல்லாம் அலிசன் கிர்க்பியின் பெயரைச் சொல்வேன். உடனே கைகள் உயரும். ஆண்டுதோறும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. பெற்றோர் சிலரும் கேட்டிருக்கிறார்கள். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதில்களை ஓரிடத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அலிசன் கிர்க்பின்னா யாரு மேடம்? பேரே கேள்விப்பட்டதில்லை.

பிரிட்டனின் பழம்பெரும் தொலைபேசி நிறுவனமான பிடி குழுமத்தின் தலைமைச் செயல் அதிகாரி. 2024 பிப்ரவரி 1 அன்று பொறுப்பேற்றார். பிடி-யின் வேர் 1846-இல் தொடங்கிய ஒரு தந்திக் கம்பெனி வரை போகிறது. அத்தனை நீண்ட வரலாற்றில் தலைமைப் பதவிக்கு வந்த முதல் பெண் இவர்தான்.

ஆனால் நான் இவரை வகுப்பில் பேசுவதற்குக் காரணம் பிடி மட்டும் இல்லை. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவைச் சேர்ந்த இவர், அதற்கு முன்பே சுவீடனில் டெலி2, டென்மார்க்கில் டிடிசி, மறுபடி சுவீடனில் டெலியா என்று வரிசையாக மூன்று வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தலைமை தாங்கியவர். சொந்த நாட்டில் அந்த நாற்காலி கிடைப்பதற்குள் அதே வேலையை வெளியூரில் மூன்று முறை செய்து முடித்திருந்தார்.

டெலிகாம் கம்பெனிக்கு இன்ஜினியர்தானே தலைவரா இருக்கணும்? இவங்க என்ன படிச்சாங்க?

கணக்கியல். கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, கின்னஸ் மதுபான நிறுவனத்தில் பயிற்சிக் கணக்கராகச் சேர்ந்து, மேலாண்மைக் கணக்கர் தகுதியும் பெற்றார். நம் ஊரில் சிஎம்ஏ (செலவு, மேலாண்மைக் கணக்கியல்) படிப்பவர்கள் தொடும் பாடங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற படிப்புதான் அது.

இன்ஜினியர் இல்லாமல் முடியுமா என்ற சந்தேகம் நியாயமானதே. ஆனால் இன்று ஒரு டெலிகாம் தலைவரின் மேஜைக்கு வருவது எந்தக் கோபுரத்தில் எந்த ஆன்டெனாவை மாட்டுவது என்ற கேள்வி இல்லை. கையில் இருக்கும் பணத்தை எந்த ஊரில் தோண்டுவது, எதை விற்பது, கடனை எப்போது அடைப்பது என்பதுதான் வரும். ஃபைபர் (இணையத்தைக் கொண்டுபோகும் கண்ணாடி இழைக் கம்பி) போடும் செலவு இன்று, அதிலிருந்து வருமானம் பல ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த இடைவெளியைக் கணக்குப் போடத் தெரிந்தவர்தான் அங்கே தேவை. தொழில்நுட்பம் சொல்லித்தர நூறு பேர் பக்கத்தில் இருப்பார்கள்.

சோப்பு ஷாம்பு கம்பெனியில இருந்தவங்கன்னு படிச்சேன். அங்கிருந்து எப்படி டெலிகாம்?

உண்மைதான். கின்னஸுக்கு அடுத்து புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் சுமார் 20 ஆண்டு நிதித் துறையில் இருந்தார். அப்புறம் கேபிள், பிராட்பேண்ட் தொழில் செய்யும் வர்ஜின் மீடியா. அங்கிருந்து தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் தயாரிக்கும் ஷைன் குழுமத்தில் நிதிப் பொறுப்பும் நிர்வாகப் பொறுப்பும் சேர்ந்த பதவி. இடையில் கிரெக்ஸ் என்ற பிரிட்டிஷ் பேக்கரிச் சங்கிலியின் இயக்குநர் குழுவிலும் இருந்தார், அதன் தணிக்கைக் குழுவுக்குத் தலைவராக.

சோப்புத் தொழிலில் லாபம் பைசாக் கணக்கில் வரும். விலையை ஒரு சிறு அளவு மாற்றினால் வாடிக்கையாளர் வேறு பிராண்டுக்குப் போய்விடுவார். மாதக் கட்டணம் வாங்கும் மொபைல் கம்பெனியிலும் அதே பாடுதான். சிம் மாற்றுவது எளிதாகிவிட்ட பிறகு அந்த அனுபவம் எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 20 வருடம் வீணாகப் போனது என்று நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

டெலி2 பெரிய கம்பெனியா? எதுக்கு சுவீடன் போனாங்க?

சுவீடனில் அரசுத் தொலைபேசிக்குப் போட்டியாக, கின்னெவிக் என்ற முதலீட்டுக் குழுமம் உருவாக்கிய நிறுவனம் டெலி2. விலை குறைவு என்றே பெயர் எடுத்தது. பால்டிக் நாடுகள், நெதர்லாந்து, கஜகஸ்தான் என்று பல இடங்களில் கடை விரித்திருந்தது. கிர்க்பி 2014-இல் நிதித் தலைவராகச் சேர்ந்தார். 2015 செப்டம்பரில் தலைமைச் செயல் அதிகாரி ஆனார்.

அவர் காலத்தில் நடந்ததைப் பார்த்தால் ஒரு போக்கு தெரியும். கஜகஸ்தானில் தனியாகத் தள்ளாடாமல் உள்ளூர்ப் போட்டியாளரான அல்டெலுடன் கூட்டு. சுவீடனில் டிடிசி-யின் வணிகப் பிரிவை 2016-இல் சுமார் 290 கோடி குரோனாவுக்கு வாங்கியது. ஆஸ்திரியா தொழில் விற்பனை. நெதர்லாந்தில் டி-மொபைலுடன் இணைந்து 25 சதவீதப் பங்கோடு ஒதுங்கிக்கொண்டது. எங்கே முதல் அல்லது இரண்டாம் இடத்துக்கு வர முடியுமோ அங்கே பணம் போடுவது, முடியாத இடத்தில் யாரோடாவது சேர்வது அல்லது வெளியேறுவது. இந்த வழியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டெலியா கேள்வியில் திரும்ப வரும்.

ரெண்டு கம்பெனியை இணைச்சப்போ இவங்களைத்தான் வெளியே அனுப்பினாங்களாமே?

2018 ஜனவரியில் டெலி2-வும் கேபிள் நிறுவனமான காம் ஹெமும் இணைவதாக அறிவிப்பு வந்தது. இணைந்த நிறுவனத்துக்குத் தலைவராக காம் ஹெமின் ஆண்டர்ஸ் நில்சன் வருவார் என்று முடிவானது. நவம்பரில் இணைப்பு முடிந்தது. ஒரு நிறுவனத்துக்கு ஒரு நாற்காலிதானே.

மாணவிகள் இந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள். எனக்கோ இதுதான் அவர் வாழ்க்கையில் கவனிக்க வேண்டிய பக்கம். இணைப்பு முடியும் வரை பொறுப்பில் இருந்தார். தன் பதவி இல்லாமல் போகும் என்று தெரிந்தும் அந்தப் பேரத்தை ஒழுங்காக நிறைவேற்றிக் கொடுத்தது சின்ன விஷயம் இல்லை. அடுத்த மாதமே டென்மார்க்கில் வேலை.

டென்மார்க்கில் ஒரு வருஷம்கூட இல்லையே, தாக்குப்பிடிக்க முடியலையா?

2018 டிசம்பரில் டிடிசி குழுமத்தின் தலைவரானார். 2019 அக்டோபரில் டெலியா அவரை அழைத்துக்கொண்டது. பத்து மாதம். கேட்க மோசமாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்தப் பத்து மாதத்தில் என்ன நடந்தது? டிடிசி-யை அப்போதுதான் மேக்வாரி என்ற ஆஸ்திரேலிய முதலீட்டு நிறுவனமும் டேனிஷ் ஓய்வூதிய நிதிகள் மூன்றும் சேர்ந்து வாங்கியிருந்தன. கம்பி, கோபுரம் எல்லாம் டிடிசி நெட் என்றும், வாடிக்கையாளருக்கு விற்கும் பகுதி நூடே என்றும் நிறுவனம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 2019 மார்ச்சில் 5ஜி வலையமைப்புக்குச் சீனாவின் ஹுவாவேயை விட்டு சுவீடனின் எரிக்சனைத் தேர்ந்தெடுத்தார்கள். சீனக் கருவியை நம்பலாமா என்ற கேள்வியில் உலகமே தடுமாறிக்கொண்டிருந்த நேரம் அது. குறுகிய காலம்தான், ஆனால் சும்மா இருந்த காலம் இல்லை. பிரித்து முடித்த நிறுவனத்தை ஓட்டிக் காட்டாமல் போனார் என்று யாராவது குறை சொன்னால் அதை என்னால் மறுக்க முடியாது.

இன்னொன்று. டிடிசி-யில் அவருக்கு முன் இருந்தவரும் பெண்தான், பெர்னில்லே எரன்பியர்.

டெலியாவுக்கு முதல் பெண் தலைவர் இவங்கதானே?

இல்லை. மரியானே நிவெர்ட் 2000 முதல் 2002 வரை டெலியாவின் தலைவராக இருந்தார். கிர்க்பி 2020 மே மாதம், கொரோனா உச்சத்தில், பொறுப்பேற்றார்.

"முதல் பெண்" என்று எழுதும் ஆசையில் முன்பு இருந்த பெண்ணையே அழித்துவிடுகிறோம். பிடி-யில் அவர் முதல் பெண், டெலியாவில் இல்லை. தேர்வில் எழுதினாலும் மேடையில் பேசினாலும் இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றுங்கள்.

உஸ்பெகிஸ்தான் லஞ்ச விவகாரம் இவங்க காலத்துலதானே நடந்தது?

அதுவும் இல்லை. உஸ்பெகிஸ்தான் சந்தைக்குள் போக டெலியா லஞ்சம் கொடுத்த விவகாரம் அது. அந்தச் சந்தையில் டெலியா நுழைந்ததும் பணம் கைமாறியதும் 2007-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில். அமெரிக்க, நெதர்லாந்து, சுவீடன் அதிகாரிகளோடு சுமார் 96.5 கோடி டாலர் சமரசம் ஆனது 2017-இல். இரண்டு நேரத்திலும் கிர்க்பி அங்கே இல்லை.

டெலியாவில இருந்ததை எல்லாம் வித்துத் தள்ளினாங்கன்னு சொல்றாங்களே, அது சாதனையா?

என் வகுப்பில் அதிக நேரம் வாதம் நடக்கும் கேள்வி இது. முதலில் என்ன விற்றார் என்று பார்ப்போம். வந்த சில வாரங்களிலேயே துருக்கியின் மொபைல் நிறுவனமான டர்க்செல்லில் இருந்த பங்கை 53 கோடி டாலருக்குக் கொடுக்க ஒப்பந்தம். அங்கே பங்குதாரர் சண்டை ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில், நாடு நாடாக இணையப் போக்குவரத்தைச் சுமக்கும் டெலியா கேரியரை போல்ஹெம் இன்ஃப்ரா என்ற சுவீடன் முதலீட்டு நிறுவனத்துக்கு 945 கோடி குரோனாவுக்கு விற்க முடிவு. இன்று அதன் பெயர் அரேலியன். நார்வே, பின்லாந்து கோபுரங்களிலும் பிறகு சுவீடன் கோபுரங்களிலும் 49 சதவீதத்தை புரூக்ஃபீல்டு, அலெக்டா ஆகிய முதலீட்டாளர்களுக்குக் கொடுத்தார். கடைசியாக டென்மார்க் தொழிலை 625 கோடி டேனிஷ் குரோனுக்கு நோர்லிஸ் என்ற டேனிஷ் நிறுவனம் வாங்க 2023 ஏப்ரலில் ஒப்பந்தம். அது நிறைவேறியபோது அவர் அங்கிருந்து போயாகிவிட்டது.

டெலி2-வில் பார்த்த அதே வழி. நார்டிக், பால்டிக் நாடுகளில் வலுவாக நிற்கும் சந்தைகளை வைத்துக்கொள், மற்றதை வாங்க ஆள் இருக்கும்போதே கொடு. கோபுரங்களில் 51 சதவீதத்தைக் கையில் வைத்ததைக் கவனியுங்கள். வீட்டை விற்கவில்லை, ஒரு பங்கைக் கொடுத்துக் கடன் சுமையை இறக்கினார். டெலியாவில் சுவீடன் அரசுக்கு சுமார் 40 சதவீதப் பங்கு இருந்தது. அப்படிப்பட்ட நிறுவனத்தில் இதைச் செய்வது தனியார் கம்பெனியில் செய்வதைவிடக் கடினம்.

சாதனையா என்றால், பாதி சாதனை என்பேன். நிறுவனம் தெளிவான வடிவத்துக்கு வந்தது. ஆனால் அவர் வந்தபோது இருந்த பங்கு விலையைவிட போனபோது இருந்த விலை குறைவு. 2022-இல் ஐரோப்பாவெங்கும் மின்கட்டணம் ஏறியது, வலையமைப்பு நடத்துபவர்களை அது கடுமையாகத் தாக்கியது. அது அவர் கையில் இல்லை. இருந்தாலும் பங்குதாரர் கண்ணால் பார்த்தால் அந்த ஆண்டுகள் இனித்திருக்காது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

பிடி போர்டுல ஏற்கெனவே இருந்தவங்களையே தலைவராக்கினாங்க. அது முறையா?

2019 மார்ச் முதல் பிடி-யின் இயக்குநர் குழுவில் இருந்தார், அன்றாட நிர்வாகத்தில் இல்லாத இயக்குநராக. நிர்வாகத்தைக் கேள்வி கேட்பதும் கணக்கைச் சரிபார்ப்பதும் அந்த இயக்குநர்களின் வேலை. 2023 ஜூலை 31 அன்று பிலிப் ஜான்சனுக்கு அடுத்தவராக அறிவிக்கப்பட்டார்.

கேள்வி கேட்டவரே பதில் சொல்லும் நாற்காலிக்குப் போவது சிலருக்கு உறுத்தும். எனக்கு இதில் தவறு தெரியவில்லை. உள்ளே நான்கு ஆண்டு பார்த்தவர், வெளியே மூன்று நிறுவனம் நடத்தியவர். இரண்டும் சேர்ந்த ஆள் எளிதில் கிடைப்பதில்லை. அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 11 லட்சம் பவுண்டு, முன்னவருக்கு இருந்த அளவுதான். அதைக் கேட்டதும் என் மாணவிகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வந்த நாலாவது மாசமே பங்கு எகிறிடுச்சாமே! லாபம் குறைஞ்சிருந்ததே, அப்புறம் எப்படி?

2024 மே மாத முடிவுகள். அந்த ஆண்டு வரிக்கு முந்தைய லாபம் சரிந்திருந்தது. அப்படியிருந்தும் ஒரே நாளில் பங்கு சுமார் 17 சதவீதம் ஏறியது. லாபம் குறைந்தால் விலை இறங்கும் என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இது நல்ல அதிர்ச்சி வைத்தியம்.

விடை பணப்புழக்கத்தில் இருக்கிறது. பிடி-யின் கிளை நிறுவனமான ஓப்பன்ரீச், தெருத்தெருவாகத் தோண்டி வீட்டு வாசல் வரை ஃபைபர் கொண்டுபோகிறது. 2026 டிசம்பருக்குள் 2.5 கோடி வீடுகள், கட்டடங்களைத் தொடுவது இலக்கு. இந்தச் செலவின் உச்சத்தைத் தாண்டிவிட்டோம் என்று கிர்க்பி அன்று சொன்னார். கையில் மிஞ்சும் பணம் சுமார் 130 கோடி பவுண்டு என்பதிலிருந்து 2027 நிதியாண்டில் 200 கோடியாகவும், இந்தப் பத்தாண்டின் முடிவில் 300 கோடியாகவும் உயரும் என்றார். 2029-க்குள் ஆண்டுச் செலவில் மேலும் 300 கோடி பவுண்டு குறைப்போம் என்றும் சொன்னார். பங்காதாயத்தையும் ஒரு பங்குக்கு 8 பென்ஸாக உயர்த்தினார்கள்.

கிணறு வெட்டும் வரை கையிலிருந்து போய்க்கொண்டே இருக்கும், தண்ணீர் வந்த பிறகு வெட்டுக்கூலி நின்றுவிடும். சந்தை வாங்கியது அந்தத் தண்ணீர் வரும் தேதியை. கிணறு வெட்டத் தொடங்கியவர் ஜான்சன் என்பதையும் மறக்கக் கூடாது.

இத்தனை ஆயிரம் பேரை வேலையை விட்டு எடுக்கிறவங்களைப் போய் ஏன் பாராட்டணும்?

வலிக்கிற கேள்வி, நியாயமான கேள்வி. 2030-க்குள் ஒப்பந்தப் பணியாளர் உட்பட 40,000 முதல் 55,000 வரை இடங்கள் குறையும் என்று 2023 மே மாதம் அறிவித்தவர் ஜான்சன். கிர்க்பி அதைத் தொடர்கிறார். 2025-இல் ஒரு பேட்டியில், செயற்கை நுண்ணறிவின் முழுத் திறனும் அந்தக் கணக்கில் சேரவில்லை, நிறுவனம் இன்னும் சிறிதாகலாம் என்ற பொருளில் பேசினார்.

ஃபைபர் போட்டு முடிந்தால் தோண்டும் ஆட்கள் குறைவது இயல்பு. செப்புக் கம்பியைவிட ஃபைபரில் பழுதும் குறைவு. அதில் எனக்குப் புரிதல் உண்டு. ஆனால் செலவுக் கணக்கில் ஒரு வரியாகத் தெரிவது ஒரு வீட்டின் அடுப்பு. செலவு குறைப்பைத் திறமையாகச் செய்கிறார் என்பதும், அதைச் சுமப்பவர்கள் வேறு ஆட்கள் என்பதும் ஒரே நேரத்தில் உண்மை.

பழைய லேண்ட்லைனை நிறுத்தப் போறாங்களாமே, வயசானவங்க என்ன செய்வாங்க?

பிரிட்டனில் செப்புக் கம்பி வழி பழைய தொலைபேசியை நிறுத்தி, எல்லா அழைப்புகளையும் பிராட்பேண்ட் வழியாக மாற்றுகிறார்கள். சிக்கல் எங்கே என்றால், கழுத்தில் மாட்டும் அவசரப் பொத்தான். விழுந்துவிட்டால் அழுத்துவார்கள், உதவி வரும். பிரிட்டனில் சுமார் 18 லட்சம் பேர் இப்படிப்பட்ட வசதியை நம்பியிருக்கிறார்கள். பழைய கம்பிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வரும். புதிய முறையில் வீட்டில் கரண்ட் போனால் போனும் போகும், மாற்று பேட்டரி இல்லாவிட்டால்.

2025 டிசம்பர் என்று இருந்த கெடுவை 2024 மே மாதம் பிடி 2027 ஜனவரிக்குத் தள்ளியது. வேகமாக முடித்தால் மிச்சமாகும் பணம் அதிகம். தள்ளிப்போட்டது சரியான முடிவு என்று உறுதியாக நம்புகிறேன்.

ஏர்டெல் ஓனர் பிடி-யையே வாங்கிட்டாராமே? அப்போ இவங்க யாருக்கு வேலை செய்றாங்க?

முழுதாக வாங்கவில்லை. தொழிலதிபர் பேட்ரிக் டிரஹியின் அல்டிஸ் நிறுவனம் வைத்திருந்த 24.5 சதவீதப் பங்கை, ஏர்டெல்லின் சுனில் பாரதி மிட்டலுடைய பாரதி குளோபல் வாங்குவதாக 2024 ஆகஸ்ட் 12 அன்று அறிவித்தது. தேசியப் பாதுகாப்புச் சட்டப்படி பிரிட்டிஷ் அரசின் அனுமதி தேவைப்பட்டது, அந்த ஆண்டு இறுதியில் கிடைத்தது. நிறுவனத்தை முழுதாகக் கையகப்படுத்தும் எண்ணம் இல்லை என்று பாரதி தரப்பு சொன்னது. பிரிட்டனில் 30 சதவீதத்தைத் தொட்டால் மற்றவர்களின் பங்குகளையும் வாங்க முன்வர வேண்டும் என்பது விதி.

1997 முதல் 2001 வரை பிடி-தான் ஏர்டெல்லில் பங்கு வைத்திருந்தது, சுமார் 21 சதவீதம். அன்று பிடி முதலாளி, பாரதி வளரும் பிள்ளை. இன்று தலைகீழ். கிர்க்பி எல்லாப் பங்குதாரருக்கும் பொறுப்பானவர். ஆனால் கால்வாசி வைத்திருப்பவர் ஒருவர் என்றால் அவர் குரல் உரக்கக் கேட்கும்.

பொண்ணுங்கிறதாலதான் இந்தப் பதவி கிடைச்சதுன்னு எங்க அண்ணன் சொல்றான். என்ன சொல்லட்டும்?

அண்ணனிடம் ஒரு பட்டியலைக் காட்டுங்கள். கிர்க்பி டெலி2-வில் நிதித் தலைவராக இருந்து மேலே வந்தார். டிடிசி-யில் எரன்பியரும் அப்படியே. வோடபோன் குழுமத்தின் மார்கரிட்டா டெல்லா வாலே, ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ராவின் விக்கி பிராடி, சிங்கப்பூரில் 2007 முதல் 2020 வரை சிங்டெல்லை நடத்திய சுவா சொக் கூங், எல்லாருமே அதே நிறுவனத்தில் நிதித் தலைவராக இருந்த பிறகுதான் தலைவர் ஆனார்கள். பிரான்ஸின் ஆரஞ்சு நிறுவனத்தின் கிறிஸ்டெல் ஹைடெமன் மட்டும் விலக்கு, அவர் பொறியாளர்.

ஐந்து நாடு, ஒரே வாசல். என் கணிப்பு இது: பொறியியல் பிரிவில் மேலே போகும் பாதை பெண்களுக்கு நெடுநாள் குறுகலாகவே இருந்தது. நிதியில் போட்ட கணக்கு சரியா தவறா என்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அச்சில் வந்துவிடும். அங்கே ஒருவரின் திறமையை மறைப்பது கடினம். சலுகை கிடைத்தவர்கள் இத்தனை பேரும் அதே கஷ்டமான வாசலில் வரிசையாக நின்றிருக்க மாட்டார்கள்.

தப்பு நடந்தா இவங்களை மன்னிப்பாங்களா?

எளிதில் மாட்டார்கள். இன்னொரு டெலிகாம் பெண் தலைவருக்கு நடந்ததைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் ஆப்டஸ் நிறுவனத்தை நடத்திய கெல்லி பேயர் ரோஸ்மரின், தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், வங்கித் துறையிலிருந்து வந்தவர். 2023 நவம்பர் 8 அன்று வலையமைப்பு பல மணி நேரம் முடங்கி சுமார் ஒரு கோடி பேர் தவித்தார்கள். நவம்பர் 20 அன்று பதவி விலகினார். முந்தைய ஆண்டு வாடிக்கையாளர் தகவல் திருடுபோன விவகாரமும் சேர்ந்து அழுத்தியது. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் இந்த ஆபத்து உண்டு, கிர்க்பிக்கும்தான்.

சிஎம்ஏ முடிச்சா எனக்கும் இப்படி வருமா? எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?

எந்தப் படிப்பும் அப்படி உறுதி தராது. அவர் பயிற்சிக் கணக்கராகத் தொடங்கியதற்கும் ஒரு நிறுவனத்தின் தலைவரானதற்கும் இடையே கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடியது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஆரம்பிக்க ஒரு வேலை தருகிறேன். பிடி-யின் ஆண்டறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். தலைவரின் கடிதத்தை விட்டுவிட்டு, நேராகப் பணப்புழக்க அறிக்கைக்குப் போங்கள். மூலதனச் செலவு வரியை மூன்று ஆண்டுக்கு எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் ஓப்பன்ரீச் அந்தந்த ஆண்டு தொட்ட வீடுகளின் எண்ணிக்கையை எழுதுங்கள். ஒரு வீட்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பார்த்து, அந்தத் தாளோடு வகுப்புக்கு வாருங்கள்.